எடுத்த விஷத்தை எங்கே வைப்பது

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு "வடிகட்டி" என்று பெயர். யார் வைத்தது என்று நினைவில்லை. முதல் தடவை அது அவர் காதில் விழுந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "வடிகட்டியா, வடிகட்டின முட்டாளா? ரெண்டுல எதுன்னு தெளிவா சொல்லிடுங்க" என்றார். அதோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தொலைபேசியை எடுத்தால் அவரே "வடிகட்டி பேசுறேன்" என்பார்.

கையைத் துடைத்தார் என்று சொன்னேனே தவிர, அந்தக் கை சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. அவர் வேலையில் பெர்மாங்கனேட் நிறையப் புழங்கும். தண்ணீரில் ஊதாவாகக் கரையும். தோலில் பட்டால் பழுப்பாக ஏறி நகக்கண்ணில் குடியேறிவிடும். அவர் கணவர் பள்ளியில் ஓவிய ஆசிரியர். "படம் வரையச் சொல்லிக் குடுக்குறவன் நான். வெள்ளைக் கையோட வீட்டுக்கு வர்றேன். இவ என்னடான்னா சுவருக்கு வண்ணம் பூசினவ மாதிரி வர்றா" என்று சொல்லிச் சிரிப்பார்.

தண்ணீரில் கரைந்திருக்கும் ரேடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஒரு பொருளைச் செய்வதுதான் அவருடைய வேலை. ரேடியம் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினாலும் போகாது. உடம்புக்குள் போனால் எலும்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று நம்பி ஏமாந்து உள்ளே சேர்த்துக்கொள்ளும். பிறகு அது அங்கேயே உட்கார்ந்து ஆயுசு முழுக்கக் கதிர் வீசிக்கொண்டிருக்கும். மாங்கனீசு ஆக்சைடு என்கிற கறுப்புத் தூளுக்கு ரேடியத்தை இழுத்துப் பிடிக்கும் குணம் உண்டு. ஆனால் தூளாகவே போட்டால் தண்ணீரோடு போய்விடும். அதனால் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக உருட்டிச் சுட்டு, அதன்மேல் அந்தக் கறுப்பை ஏற்றி, மிளகு அளவுக்கு மணிகளாகச் செய்வார். நாங்களும் அதை மிளகு என்றே சொல்வோம். அந்த மிளகை ஒரு குழாயில் நிரப்பி, மேலே தண்ணீரை விட்டு, கீழே வருவதைப் பிடித்து என்னிடம் தருவார். நான் பக்கத்து அளவறைக்காரன். தண்ணீரை டப்பாவில் அடைத்து, சில வாரம் அப்படியே விட்டு, அதற்கப்புறம் கருவியில் வைத்து எண்ண வேண்டும். ரேடியம் தன்னைக் காட்டிக்கொள்ள அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளும். அந்த வாரங்களில் வடிகட்டி என் அறை வாசலில் வந்து நின்று, "என்ன அண்ணே, ஏதாவது தெரியுதா?" என்பார். ஒன்றும் தெரியாது என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியாது.

இந்த வேலையில் அவர் இறங்கியதே அக்காவால்தான்.

ஊர் ஓரத்தில் மூடிப்போன தாது ஆலை ஒன்று உண்டு. தாதுவை அரைத்து வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி அங்கே ஒரு மேடே எழும்பியிருந்தது. ஆலைக்காரர்கள் போய்விட்டார்கள்; மேடு நின்றுவிட்டது. மேட்டுக்குக் கீழே ஒரு தெரு. அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வருவது ஓர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. அந்தக் கிணற்று மோட்டாரைப் போட்டு, வால்வைத் திறந்து தெருவுக்குத் தண்ணீர் விடும் வேலை வடிகட்டியின் அக்காவுக்கு. கணவர் இறந்தபின் நகராட்சி கொடுத்த வேலை. காலையில் அக்கா வால்வைத் திருப்பினால்தான் தெருவில் அடுப்பு எரியும்.

மேட்டிலிருந்து கசிந்து இறங்கிய ரேடியம் அந்தத் தண்ணீரில் இருக்கிறது என்று முதலில் எண்ணிச் சொன்னது எங்கள் கூடம்தான். நகராட்சி உடனே தொட்டியில் "குடிக்க உகந்ததல்ல" என்று பலகை மாட்டியது. லாரியில் தண்ணீர் வந்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. பிறகு நினைத்தால் வந்தது. கடைசியில் பலகை மட்டும் இருந்தது.

"தெரிஞ்சுக்கிட்டே எப்படிக்கா திறந்து விடுற?" என்று வடிகட்டி ஒருமுறை கேட்டிருக்கிறார்.

"திறக்கலைன்னா என்னத்தடி குடிப்பாங்க? உன் ரிப்போர்ட்டைக் கரைச்சா?" என்றாராம் அக்கா.

இது நடந்து கொஞ்ச நாளில் வடிகட்டி, செய்துகொண்டிருந்த வேறு வேலையை விட்டுவிட்டு மிளகு உருட்ட ஆரம்பித்தார்.

முதல் மிளகு அற்புதமாக வேலை செய்தது. ஆய்வுக்கூடத்துச் சுத்த நீரில் நாங்களே ஒரு துளி ரேடியத்தைக் கலந்து மேலே விட்டோம். கீழே வந்த தண்ணீரில் என் கருவிக்கு ஒன்றுமே அகப்படவில்லை. வடிகட்டி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் தலைவர்கூட வந்து கை கொடுத்தார். கொடுத்த கையைப் பிறகு மூன்று தடவை கழுவினார், அது வேறு கதை.

அடுத்தது அக்காவின் தெருத் தண்ணீர். அதே மிளகுதான். மேலே போன ரேடியம் முக்கால்வாசி அப்படியே கீழே வந்தது. நான் சொன்னபோது வடிகட்டி நம்பவில்லை. இன்னொரு தடவை எண்ணச் சொன்னார். எண்ணினேன். அப்புறம் தண்ணீரின் மற்றச் சத்துகளை அளந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. அந்தத் தெருத் தண்ணீர் கடினத் தண்ணீர். ரேடியத்தைவிடக் கோடிக்கணக்கான மடங்கு சுண்ணாம்பு அதில் கரைந்திருந்தது.

"ரேடியம் பஸ்ல ஏறுறதுக்குள்ள சுண்ணாம்பு எல்லா சீட்லயும் துண்டு போட்டு வச்சிருச்சு அண்ணே" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, குழாயைக் கழற்றி வைத்து, மறுபடி களிமண் பிசைய உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் வருடங்கள் போயின. எத்தனை விதமாகச் சுட்டார், எத்தனை விதமாகப் பூசினார் என்று சொல்லி மாளாது. சூடு குறைந்தால் மணி தண்ணீரில் ஊறிச் சேறாகும். கூடினால் மேற்புறம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகி எதுவும் ஒட்டாது. ஒரு தொகுதி எல்லாம் சரியாக வந்து, மறுநாள் காலை பார்த்தால் கறுப்பு கழன்று ஜாடித் தண்ணீர் மை மாதிரி இருக்கும். கூடத்தில் புதிதாக வந்தவர்கள் வேறு வேறு ஆராய்ச்சியில் பெயர் வாங்கிப் பெரிய இடங்களுக்குப் போனார்கள். இவர் உலையும் ஜாடியுமாக இருந்தார். "என் பொண்டாட்டி மிளகு வியாபாரம் பண்றா. ஒரு மிளகும் விக்கல" என்பார் கணவர். அந்தப் பேச்சில் வரவரச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் ஒரு மிளகு நின்றது. மாங்கனீசோடு, ரேடியத்தின் குணத்தை ஒத்த பேரியத்தையும் கொஞ்சம் சேர்த்து, ரேடியம் வந்து உட்காருகிற மாதிரி அளவான இடங்களை முன்கூட்டியே அமைத்துவைத்தார். சுண்ணாம்புக்கு அந்த இடம் பொருந்தவில்லை. அக்காவின் தெருத் தண்ணீரே மேலே போய், கீழே நல்ல தண்ணீராக வந்தது. நான் எண்ணிவிட்டு வெளியே வந்து, "வந்துருச்சும்மா" என்றேன். வடிகட்டி என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு உலையை அணைக்கப் போய்விட்டார். அந்தத் தடவை டீ வாங்கித் தரவில்லை.

தலைவர் அங்கே இங்கே பேசி, கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட வைத்தார். உள்ளே ஆள் உயரத்துக்கு இரண்டு எஃகு உருளைகள். உருளை நிறைய மிளகு. சாவி அக்காவிடம். திறந்த அன்று தெருவே கூடியிருந்தது. அக்கா முதல் டம்ளரைப் பிடித்து, எல்லோரும் பார்க்கக் குடித்தார்.

"என்னடி, பழைய தண்ணி மாதிரியேதான் இருக்கு?"

"அப்படித்தான்கா இருக்கும். அதுதான் பிரச்சினையே."

கூட்டம் சிரித்தது. அக்கா தங்கையின் கையைப் பிடித்துத் தூக்கி, "இந்தக் கறையைப் பாருங்க. இந்தத் தண்ணிக்காக வந்த கறை" என்று தெருவுக்குக் காட்டினார். அன்று ஒருநாள்தான் வடிகட்டி கையை மறைக்காமல் நின்று பார்த்தேன்.

ஆனால் மிளகு எதையும் அழிப்பதில்லை; பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சில மாதம் ஓடினால் இடமெல்லாம் நிரம்பிவிடும். அப்போது பழைய மிளகை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். எடுத்த மிளகில் அத்தனை மாதத்து ரேடியமும் குவிந்திருக்கும். அதை டிரம்மில் அடைத்து வைத்தால், கதிர்க் கழிவுகளை அகற்றுகிற வாரியம் வந்து எடுத்துக்கொண்டு போகும் என்று ஆரம்பத்தில் பேச்சு. டிரம்கள் சேர்ந்தன. வண்டி வரவில்லை. வடிகட்டி வாரியத்துக்குத் தொலைபேசியில் பேசினார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"உங்க பொருள் எங்க பட்டியல்ல வராதும்மா" என்றார் அந்த அதிகாரி. நல்ல மனிதர்தான், பொறுமையாகப் பேசினார். "ஆலையில இருந்து வந்தா அது ஆலைக் கழிவு. ஆஸ்பத்திரியில இருந்து வந்தா ஆஸ்பத்திரிக் கழிவு. குடிதண்ணிக் குழாயில இருந்து வந்தா அதை என்னன்னு எடுத்துக்கிறதுன்னு எங்களுக்குத் தெரியல."

"விஷம் ஒண்ணுதானே சார்?"

"விஷம் ஒண்ணுதாம்மா. ஃபைல் வேற."

மறுபடி மறுபடி பேசினார். நேரில் போனார். தலைவர் போனார். ஒவ்வொரு மேஜையிலும் அடுத்த மேஜையைக் காட்டினார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் டிரம்கள் சுவரோரமாக வரிசை கட்டின. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. அங்கே இருந்த பெண்ணுக்குக் குழந்தை பிறந்து சில மாதம் ஆகியிருந்தது. யாரோ ஏதோ சொல்ல, அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காவிடம் வந்து நின்றாள். அக்கா எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். நான் கருவியோடு போனேன், வடிகட்டியும் வந்தார்.

அந்த வீட்டில் சுவரை ஒட்டி ஒரு மரத்தொட்டில். தொட்டில் பக்கம் கருவியைக் கொண்டுபோனதும் முள் ஏறியது. பயப்படுகிற அளவா, பயப்படாத அளவா என்று அதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசலாம். ஆனால் ஒரு குழந்தை நாளெல்லாம் படுத்துக் கிடக்கிற இடத்தில் இருக்கக்கூடாத அளவு. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "சொல்ல வேண்டாம் தம்பி. உங்க முகத்துலயே ஓடுது" என்றார்.

தொட்டிலை வேறு அறைக்கு மாற்றினோம். வாசலுக்கு வந்ததும் அக்கா தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "தண்ணியில பரவிக் கிடந்ததை எல்லாம் பொறுக்கி எடுத்து எங்க வாசல்லயே குவிச்சு வச்சிருக்க. முன்ன எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருந்துச்சு. இப்ப இந்தப் பச்சப்புள்ளைக்கு மொத்தமும்."

"எடுத்துட்டுப் போறேன்கா."

"எங்க?"

எங்கே என்று வடிகட்டிக்கே தெரியாது. ஆனால் எடுத்துக்கொண்டு போனார். தலைவரிடம் சண்டை போட்டு, டிரம்கள் அத்தனையையும் எங்கள் கூடத்தின் பின்கட்டுக் கிடங்குக்குக் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் ஆட்களே முகம் சுளித்தார்கள். பின்பக்க வழியாக வருவதையே நிறுத்தினார்கள். வடிகட்டியோடு சேர்ந்து சாப்பிட உட்காருகிறவர்கள் குறைந்தார்கள். தலைவர் சொன்னார்: "இது ஒரு தடவைதான். இனி ஒரு டப்பா வந்தாலும் உங்க மேஜையிலதான் வச்சுக்கணும்."

ஆகவே, புது மிளகு போட வேண்டுமானால் பழைய மிளகுக்கு இடம் வேண்டும். இடம் எங்கேயும் இல்லை. நகராட்சிப் பொறியாளர் கூடத்துக்கு வந்து ஒரு யோசனை சொன்னார்.

"மணியை மாத்தாம ஓட்டுங்க. மாத்தலைன்னா டிரம் வராது. டிரம் வரலைன்னா புகார் வராது."

"மாத்தலைன்னா ரேடியம் வரும் சார்" என்றார் வடிகட்டி.

"அது புகார் குடுக்காது."

வடிகட்டி எழுந்து கதவைத் திறந்துவிட்டார். பொறியாளர் சிரித்துக்கொண்டே, "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா. அடுத்த தடவை மாத்திடலாம், ஏற்பாடு பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இடப் பிரச்சினைக்கு ஒரு வழி இருப்பதாக வடிகட்டி நம்பினார். பழைய மிளகைக் கண்ணாடித் தூளோடு உருக்கிக் கட்டியாக்கினால் கனம் குறையாவிட்டாலும் இடம் குறையும், எதுவும் கசியாது. அப்படிக் கொடுத்தால் வாரியம் மனம் மாறலாம். அந்த அளவுக்குச் சூடு தருகிற உலை வேறு ஓர் ஊரில் இருந்தது. கணவரிடம் சொல்லிவிட்டு அங்கே போய் மாதக்கணக்கில் தங்கினார். உருக்கினால் கட்டி வந்தது, ஆறும்போது வெடித்தது. மறுபடி உருக்கினார், மறுபடி வெடித்தது. உலைக்காரர்களுக்கு வேறு வேலை வந்தது. திரும்பி வந்துவிட்டார்.

வந்த மறுநாள் அக்காவின் தெருவுக்குப் போய், உருளைக்குள் போகிற தண்ணீர் ஒரு பாட்டில், வெளியே வருகிற தண்ணீர் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வந்தார். நான் அடைத்து வைத்து, வாரங்கள் கழித்து எண்ணினேன். எண்ணியதை நம்பாமல் மறுபடியும் எண்ணினேன். உள்ளே போனதைவிட வெளியே வந்ததில் ரேடியம் கூடுதலாக இருந்தது. நிரம்பி வழிகிற மிளகு பிடித்து வைத்திருந்ததையும் சேர்த்து விட ஆரம்பித்திருந்தது. அவர் ஊரில் இல்லாத மாதங்களில் யாரும் எதையும் மாற்றவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். அக்கா கொட்டகை வாசலில் உட்கார்ந்து வால்வுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்ஜினியரு சொன்னாரு, இது புது மாதிரி மணி, அடிக்கடி மாத்த வேண்டாம், ரொம்ப நாளைக்கு வரும்னு" என்றார் அக்கா. "நீ செஞ்சதுதானேன்னு நம்பிட்டேன்."

வடிகட்டி எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அக்கா எண்ணெய்க் குப்பியை மூடினார்.

"அப்போ இத்தனை நாளா நான் என்னத்தடி திறந்து விட்டேன்?"

அக்கா குப்பியைக் கீழே வைத்தார்.

"முன்ன கெட்ட தண்ணின்னு தெரிஞ்சு குடிச்சோம். முடிஞ்சவன் விலைக்கு வாங்கினான், முடியாதவன் பாதி டம்ளரோட நிறுத்தினான். இப்ப நல்ல தண்ணின்னு நம்பி வயிறு முட்டக் குடிச்சிருக்கோம். அந்தப் புள்ளைக்கு இதுலதான் பால் கலந்து குடுத்தாங்க. நான்தான் சொன்னேன், பயப்படாம குடு, என் தங்கச்சி செஞ்சதுன்னு. எது மோசம், சொல்லு. நீ படிச்சவ, நீ சொல்லு."

"இது மோசம்கா" என்றார் வடிகட்டி.

அக்கா எழுந்து இரண்டு உருளைகளுக்கும் போகிற குழாயை அடைத்து, பழைய நேர்க்குழாயைத் திறந்தார். கொட்டகையைப் பூட்டினார். பிறகு வீடு வீடாகப் போய், கதவைத் தட்டி, விஷயத்தைச் சொன்னார். வடிகட்டியும் கூடவே போனார். திட்டினவர்கள் உண்டு. கதவை முகத்தில் அடித்தவர்கள் உண்டு. தொட்டில் வீட்டுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மற்றவர்கள் திட்டியதைவிட அதுதான் வடிகட்டியைத் தின்றது.

பொறியாளரைப் பற்றிப் புகார் எழுதினோம். அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நல்ல ஊர்தான் என்று கேள்வி. லாரி கொஞ்ச நாள் வந்தது, பிறகு முன்பு போலவே தேய்ந்தது. முடிந்தவர்கள் தெருவைக் காலி செய்துகொண்டு போனார்கள். மேடு மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. டிரம்கள் எங்கள் பின்கட்டில்தான் இருக்கின்றன. உள்ளே இருப்பதில் பாதி தேய்ந்து குறையவே ஆயிரத்து அறுநூறு வருடம் ஆகும். தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவர் பின்கட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்றுகூடக் கேட்டதில்லை.

போன வருடம் அக்கா வாசற்படியில் இறங்கும்போது தொடை எலும்பு முறிந்தது. விழவில்லை, சும்மா கால் வைத்தார், முறிந்தது. மருத்துவர் வயதாகிவிட்டது என்றார். வயதும்தான். இதனால்தான் என்று சொல்ல ஆளில்லை, இதனால் இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. மருத்துவமனை நடைபாதையில் வடிகட்டி என்னிடம், "அண்ணே, அந்த எலும்பை நீங்க கருவியில வச்சு எண்ணிப் பார்க்க வேண்டாம்" என்றார். நானும் அப்படி ஒரு பேச்சை எடுக்கவில்லை.

வடிகட்டி இப்போதும் வேலைக்கு வருகிறார். உலையைப் பற்ற வைப்பதில்லை. மற்றவர்கள் கொண்டுவருகிற தண்ணீரைச் சோதித்துக் கொடுக்கிறார். மிளகைப் பற்றி ஓர் ஆய்விதழில் வந்த அவர் கட்டுரையைப் படித்துவிட்டு எங்கிருந்தோ ஒருவர் தொலைபேசியில் பாராட்டிப் பேசினார்; "வேலை செஞ்சுதா?" என்று அவர் கேட்டதற்கு, "மணி வேலை செஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரின் ஸ்கூட்டரில் ஒரு கேன் நல்ல தண்ணீரை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோவார். அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து கதவைத் திறப்பார். இருவரும் அதிகம் பேசுவதில்லை. "வச்சுட்டுப் போ" என்பார் அக்கா. வடிகட்டி தெருமுனை திரும்பியதும் அந்தக் கேன் தொட்டில் வீட்டுக்குப் போய்விடும். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அக்கா ஒரு மடக்குகூட அதிலிருந்து குடிப்பதில்லை, குழாய்த் தண்ணீர்தான்.

இது தெரிந்த பிறகு வடிகட்டி இரண்டு கேனாகக் கொண்டுபோக ஆரம்பித்தார்.

இரண்டும் அந்த வீட்டுக்கே போகின்றன.